மூன்று சென்டிமீட்டருக்குள்

ஓசூர் சாலையில் ஹெப்பகோடிக்கும் பொம்மசந்திராவுக்கும் நடுவே ஒரு மெட்ரோ நிறுத்தத் தூரம்தான். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் திறந்தபோது ஹெப்பகோடி நிலையத்தின் பெயரோடு பயோகான் பெயரும் சேர்ந்துகொண்டது. கல்லீரல் புற்றுநோய்க்கும் இன்று தரப்படும் பெவாசிசுமாப் மருந்தின் உள்நாட்டு வடிவத்தை 2017-இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது. அடுத்த நிறுத்தமான பொம்மசந்திராவில் நாராயணா ஹெல்த் சிட்டி. அதற்குள் 2009-இல் தொடங்கிய மஜும்தார் ஷா புற்றுநோய் மையம். நகரத்தை நோக்கித் திரும்பினால், எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து வெகுதூரம் போனபின் 1973-இல் பிறந்த கித்வாய் புற்றுநோய் நிறுவனம். எதிர்த் திசையில் அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் சென்னையைவிட இந்தச் சாலைதான் பக்கம்.

கல்லீரலில் வந்த கட்டியை வயிற்றைத் திறக்காமல், தோல் வழியே ஓர் ஊசியைச் செலுத்தி, உள்ளேயே சூடேற்றிச் சாகடிக்கும் சிகிச்சை பெங்களூரின் பெரிய மருத்துவமனைகளில் இன்று வழக்கமான ஒன்று. மருத்துவர்கள் 'அப்லேஷன்' என்கிறார்கள். நோயாளியின் வீட்டார் 'கரண்ட் வச்சு சுடுறாங்களாம்' என்கிறார்கள். அதுவும் சரியான விளக்கம்தான். கத்திக்கு இது ஈடாகுமா, யாருக்கு ஆகும் என்ற கேள்விக்கு முப்பது வருட ஆய்வுகளிலிருந்து ஓரளவு தெளிவான பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பதிலால் பயன்பெறக்கூடிய நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேருவதில்தான் சிக்கல். கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது அவர் வருவதில்லை.

முதலில், ஏன் வெட்டி எடுத்துவிடக் கூடாது? மற்ற உறுப்புகளில் வரும் புற்றுநோய்க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டுப்போன ஈரலில்தான் முளைக்கிறது. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், சாராயம், கொழுப்பு என்று ஏதோ ஒன்று பல வருடங்களாக அரித்து, ஈரல் சுருங்கித் தழும்பேறிய பிறகு வருவது இது. நல்ல ஈரல் என்றால் பாதிக்கு மேல் வெட்டினாலும் மீண்டும் வளர்ந்துவிடும். சுருங்கிய ஈரலுக்கு அந்தத் தெம்பு கிடையாது. கட்டியோடு கொஞ்சம் கூடுதலாக வெட்டினாலே, மிச்சமிருப்பது உடலைத் தாங்காமல் நோயாளி காமாலையிலும் வயிற்று நீரிலும் போய்விடலாம். ஆகவே ஒரே உடலில் இரண்டு நோய்களை எடைபோட வேண்டியிருக்கிறது. கட்டி ஆளைக் கொல்லும் வேகம் ஒன்று, ஈரல் ஓயும் வேகம் இன்னொன்று. நல்ல திசுவைக் கூடியவரை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் அழிக்கும் வழியைத் தேடியதற்குக் காரணம் இதுதான்.

தேடல் சூட்டில் தொடங்கவில்லை. 1980-களில் ஜப்பானிய மருத்துவர்கள் மெல்லிய ஊசி வழியே சுத்தமான சாராயத்தை, அதாவது எத்தனாலைக் கட்டிக்குள் செலுத்தினார்கள். குடித்தால் ஈரலைக் கெடுக்கும் அதே பொருள், ஊசியில் போனால் ஈரல் கட்டியைக் கொன்றது. மலிவான வழி, சின்னக் கட்டிகளில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் திரவம் எந்தப் பக்கம் பரவும் என்பது நம் கையில் இல்லை. கட்டிக்குள் தடுப்புச் சுவர்கள் இருந்தால் ஒரு மூலை நனையாமலே நிற்கும். பலமுறை குத்த வேண்டிவரும். 1990-இல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே, உயர் அதிர்வெண் மின்சாரத்தைக் கொண்டு ஈரல் திசுவைச் சுடலாம் என்று காட்டின. 1994-இல் ஜப்பானிலிருந்து மைக்ரோவேவ் முறை வந்தது. சில வருடங்களில் எத்தனால் ஓரம் கட்டப்பட்டது.

ரேடியோ அலை முறையில் வினாடிக்கு ஏறத்தாழ நாலைந்து லட்சம் தடவை திசை மாறும் மின்சாரம் ஊசி முனையிலிருந்து புறப்பட்டு, தொடையில் ஒட்டிய பட்டை வழியே வெளியேறுகிறது. இவ்வளவு வேகமாக மாறும் மின்சாரத்தில் தசை துடிக்காது. ஊசி முனையைச் சுற்றியுள்ள அயனிகள் மட்டும் முன்னும் பின்னும் இழுபட்டு உரசிச் சூடாகின்றன. திசு 60 டிகிரி செல்சியஸைத் தொட்டால் புரதம் உறைந்து செல் அங்கேயே செத்துவிடும். 50 டிகிரியை ஒட்டி நின்றால் சில நிமிடம் பிடிக்கும். சூடு கூடக் கூட நல்லது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் 100 டிகிரியைத் தாண்டினால் திசு கரிந்து, ஆவி கிளம்பி, மின்சாரம் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். சூடு வெளியே பரவாது. அதனால்தான் ஊசி முனையை உள்ளிருந்தே குளிர்ந்த நீரோட்டத்தால் ஆற்றிக்கொண்டே சுடுகிறார்கள். மைக்ரோவேவ் முறையில் 915 மெகாஹெர்ட்ஸ் அல்லது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை, திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகளைப் புரட்டியெடுத்துச் சூடாக்குகிறது. இங்கே மின்சாரம் உடல் வழியே பாய வேண்டியதில்லை என்பதால் கரிந்தாலும் வேலை நிற்காது, தொடைப் பட்டையும் வேண்டாம், நேரமும் குறைவு.

கட்டி ஈரலின் பெரிய ரத்தக் குழாயை ஒட்டியிருந்தால் வருவது அடுத்த தொல்லை. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகலமான குழாய் என்றால், ஓடும் வாய்க்காலில் வெந்நீரை ஊற்றிய கதைதான்: எவ்வளவு சூட்டையும் ரத்தம் அடித்துக்கொண்டு போய்விடும். குழாயை ஒட்டிய அந்த ஓரத்தில் உயிரோடு தப்பும் செல்களிலிருந்துதான் பல கட்டிகள் திரும்ப வளர்கின்றன. மைக்ரோவேவில் இந்த இழப்பு குறைவு. பித்தநாளத்தின் நிலைமை நேர்மாறு. ரத்தக் குழாயைப் போல அது தன்னை ஆற்றிக்கொள்ளாது. வெந்து, பின்னாளில் சுருங்கி, காமாலையில் கொண்டுபோய் விடும். பித்தப்பை, பெருங்குடல், உதரவிதானம் ஆகியவற்றை ஒட்டிய கட்டிகளிலும் கவனம் வேண்டும். குடலுக்கும் ஈரலுக்கும் நடுவே திரவத்தைச் செலுத்தி இடைவெளி உண்டாக்குவது ஒரு வழி. அதற்கும் உப்புநீர் கூடாது, அது மின்சாரத்தைக் கடத்தும். ரேடியோ அலைக்கு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நீர்தான். இப்படிப்பட்ட சில்லறைபோலத் தோன்றும் விவரங்களில்தான் கைதேர்ந்தவருக்கும் கற்றுக்குட்டிக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். இயந்திரத்தை யாரும் வாங்கிவிடலாம்.

மூன்று சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது? கட்டியை மட்டும் சுட்டால் போதாது. ஸ்கேனில் தெரியாத செல்கள் சுற்றிலும் சிதறியிருக்கும் என்பதால், நாலாபுறமும் அரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை நல்ல திசுவையும் சேர்த்துச் சுட வேண்டும். 3 செ.மீ. உருண்டையின் கன அளவு 14 மில்லி. ஒரு சென்டிமீட்டர் ஓரத்தோடு அது 5 செ.மீ. உருண்டையாகும், கன அளவு 65 மில்லி. கட்டியே 5 செ.மீ. என்றால் சுட வேண்டியது 7 செ.மீ. உருண்டை, ஏறக்குறைய 180 மில்லி. ஓர் ஊசியின் சூடு எட்டும் எல்லைக்கு அது அப்பால். பல ஊசிகளை அடுத்தடுத்துச் செருகிச் சுடலாம். ஆனால் உருண்டைகளுக்கு நடுவே சுடாத இடுக்கு விட்டுப்போகும். நாலைந்து சென்டிமீட்டர் கட்டிகளையும் சுடுபவர்கள் உண்டு, சில சமயம் அதற்கு முன் தமனி வழியே மருந்தேற்றி ரத்த ஓட்டத்தை அடைத்துவிட்டு. பலன் மட்டும் சின்னக் கட்டிகளில் கிடைப்பதுபோல இருக்காது.

இனி ஆதாரம். இத்தாலியின் லிவ்ராகி குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு சென்டிமீட்டருக்குட்பட்ட ஒற்றைக் கட்டி உள்ளவர்களைப் பின்தொடர்ந்தது. 97 சதவீதத்தினருக்குச் சுட்ட இடத்தில் கட்டி முழுவதுமாக அழிந்த நிலை நீடித்தது. அறுவைக்கும் தகுதியாக இருந்த 100 பேரில் ஐந்து வருடம் உயிரோடிருந்தோர் 68.5 சதவீதம். இதே லிவ்ராகியின் பெயரில் 2003-இல் வந்த கணக்கெடுப்பு ஒன்றில் 41 மையங்களின் 2,320 நோயாளிகளில் சிகிச்சையால் இறந்தவர்கள் ஆறு பேர். டோக்கியோவின் ஷினா குழு 2012-இல் பத்து வருடக் கணக்கையே வெளியிட்டது: 1,170 பேரில் பத்து வருடம் கடந்தவர்கள் 27 சதவீதம். சுருங்கிய ஈரலோடு பத்து வருடம் என்பதை எண்ணிப்பார்த்தால் அது சின்ன எண் இல்லை.

கத்தியோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் முதலில் குழப்பின. சீனாவின் குவாங்சோவில் 180 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2006-இல் இரண்டும் சமம் என்றது. 2010-இல் செங்டுவிலிருந்து வந்த 230 பேரின் ஆய்வு, இல்லை, அறுவைதான் மேல் என்றது. ஐந்து வருட உயிர்வாழ்வில் சுமார் 21 சதவீதப் புள்ளி வித்தியாசம் காட்டியது. இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமான ஆய்வை மேற்கோள் காட்டிச் சில வருடம் சண்டை போட்டார்கள். ஓரளவு முடிவு சொன்னது ஜப்பானின் சர்ஃப் ஆய்வு. மூன்று சென்டிமீட்டருக்குட்பட்ட, மூன்றுக்கு மேற்படாத கட்டிகளோடு 301 பேர். கட்டி திரும்ப வராமல் இருந்த காலத்தில் இரண்டுக்கும் பேதமில்லை. ஐந்து வருடம் வாழ்ந்தோர் அறுவையில் சுமார் 75, சூட்டில் சுமார் 70 சதவீதம், புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. உலகெங்கும் பின்பற்றப்படும் பார்சிலோனா வகைப்பாட்டின் 2022 திருத்தம், இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒற்றைக் கட்டி, மாற்று ஈரலுக்கான தேவையும் இல்லை என்றால் அப்லேஷனையே முன்வைக்கிறது.

பெருங்குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய புற்றுநோய் வேறு ரகம். அங்கே ஈரல் பெரும்பாலும் நல்ல ஈரல், அறுவையைத் தாங்கும். அதனால் அறுவை நிபுணர்கள் அந்தக் கோட்டையை விட்டுக்கொடுக்காமல் இருந்தார்கள். நெதர்லாந்து முன்னின்று நடத்திய கொலிஷன் ஆய்வு 2024-இல் அறிவிக்கப்பட்டு, 2025-இல் லான்செட் ஆன்காலஜியில் வந்தது. மூன்று சென்டிமீட்டருக்குட்பட்ட பரவல் கட்டிகளில் சூடு கத்திக்குத் தாழ்ந்ததில்லை என்பது இடைக்கணக்கிலேயே உறுதியாகிவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். சிக்கல்கள் அறுவையில் 46 சதவீதம், சூட்டில் 19. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இவ்வளவு அழுத்தமான விடை அபூர்வம்.

மைக்ரோவேவா ரேடியோ அலையா என்ற விவாதம் மருத்துவ மாநாடுகளில் பெரிதாக நடக்கிறது. நோயாளிக்கு அது இரண்டாம்பட்சம். 2018-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், இரண்டு வருடத்தில் சுட்ட இடத்திலேயே கட்டி திரும்பியது மைக்ரோவேவில் 6, ரேடியோ அலையில் 12 சதவீதம். அந்த வித்தியாசமும் தற்செயலாக இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான். ஊசி சரியான இடத்தில் போய் நிற்பது அதைவிட முக்கியம். மூச்சு விடும்போதெல்லாம் ஈரல் மேலும் கீழும் நகர்கிறது. சுடத் தொடங்கியதும் அல்ட்ராசவுண்ட் திரையில் குமிழிகள் வெள்ளைப் புகையாய்ப் படர்ந்து கட்டியை மறைத்துவிடும். இதற்காகவே 2005-இல் சென்னையில் தொடங்கிய பெர்ஃபின்ட் நிறுவனம், சி.டி. படத்தில் பாதையைத் திட்டமிட்டு ஊசியின் கோணத்தையும் ஆழத்தையும் பிடித்துத் தரும் ரோபோக் கைகளை உருவாக்கியது. அவர்களுடைய 'ரோபியோ' கருவியைக் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஈரல் கட்டிகளில் சோதித்து 2014-இல் ஆய்வேட்டில் எழுதினார்கள். ரோபோ என்றதும் நம் நாளிதழ்கள் ஜப்பானையும் அமெரிக்காவையும் தேடும். இந்தச் சென்னைக் கதை தமிழில் போதிய அளவு எழுதப்படவே இல்லை.

விளம்பரங்கள் சொல்லாத பக்கம் ஒன்று உண்டு. 'ஒரே நாளில் வீட்டுக்குப் போகலாம், தழும்பு இல்லை' என்பதெல்லாம் பெரும்பாலும் உண்மை. சில நாள் காய்ச்சலும் அசதியும் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் சுட்டது கட்டியை மட்டும். கட்டியை முளைக்கவைத்த ஈரல் அங்கேயே இருக்கிறது. ஐந்து வருடத்துக்குள் பெரும்பாலானோருக்கு ஈரலின் வேறோர் இடத்தில் புதுக் கட்டி வருகிறது. வெட்டினாலும் இதே கதிதான். இதைத் தடுக்க மருந்து உண்டா என்று பார்த்த ஆய்வுதான் ஐ.எம்.பிரேவ் 050. அட்டிசோலிசுமாபும் பெவாசிசுமாபும் சேர்ந்து, முற்றிய நோயில் 2020 முதல் நல்ல பெயர் எடுத்த ஜோடி. அறுவைக்கோ சூட்டுக்கோ பிறகு இதைத் தந்ததில் 2023-இல் வந்த முதல் கணக்கு நம்பிக்கை தந்தது. கூடுதல் காலம் பின்தொடர்ந்தபோது அந்தப் பலன் கரைந்துபோனது. ஆகவே இப்போதைக்கு வழி, கண்காணித்துத் திரும்பத் திரும்பச் சுடுவதும், வாய்ப்பிருந்தால் மாற்று ஈரலுக்குப் போவதும்தான்.

கட்டியைச் சின்னதாக இருக்கும்போதே யார் கண்டுபிடிப்பது? மூன்று சென்டிமீட்டர் கட்டி வலிக்காது, பசியைக் கெடுக்காது, காமாலை தராது. அறிகுறி தெரிந்து வருபவருக்குக் கட்டி பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். ஈரல் சுருக்கம் உள்ள ஒவ்வொருவரும், ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் ஆபத்து கூடியவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் பலவும் சொல்கின்றன. இந்தக் கட்டிகள் கன அளவில் இரட்டிப்பாக ஏறக்குறைய நாலிலிருந்து ஆறு மாதம் ஆகின்றன. 2 செ.மீ. கட்டி 4 செ.மீ. ஆவதற்கு மூன்று இரட்டிப்பு வேண்டும். அதாவது ஒரு வருடத்துக்கு மேல். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்றால் நடுவில் பிடித்துவிட இரண்டு வாய்ப்பாவது கிடைக்கும். ஷாங்காயில் ஹெபடைடிஸ் பி தொற்றுள்ள 18,816 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவினரிடம் மட்டும் இப்படிச் செய்து பார்த்ததில், அவர்களிடையே ஈரல் புற்றுநோய்ச் சாவு 37 சதவீதம் குறைந்தது. 2004-இல் வெளியான அந்த ஆய்வில் குறைகள் உண்டு, ஆனாலும் இவ்வளவு பெரிய அளவில் வேறு ஆதாரம் இல்லை. ஸ்கேனும் குறையில்லாததல்ல. ஆரம்ப நிலைக் கட்டிகளில் அல்ட்ராசவுண்ட் மட்டும் பார்த்தால் பாதிதான் சிக்கும். ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தால் அது 63 சதவீதம்.

இந்தியாவில் அரசின் மதிப்பீட்டுப்படி ஹெபடைடிஸ் பி நீடித்திருப்பவர்கள் சுமார் 4 கோடிப் பேர். பெரும்பாலோருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களிலும், ஒருமுறை காமாலை வந்து கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் கண் வெளுத்ததும் வைத்தியத்தை முடித்துக்கொண்டவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. கீழாநெல்லியை ஏளனம் செய்ய நான் இதைச் சொல்லவில்லை. 1988-இல் சென்னையின் எஸ்.பி. தியாகராஜன், வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பிளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி உட்கொண்டவர்களில் 59 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாக லான்செட்டில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. நேர்மையாகக் கேட்டு, நேர்மையாக விடை பெற்ற கேள்வி அது. அந்த விடைதான் இன்னும் கிராமத்துக்கு வந்து சேரவில்லை.

அடுத்த தலைமுறைக்கு வைரஸ் இந்த அளவு தலைவலியாக இருக்காது. 2011-க்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான திட்டத்தில் சேர்ந்துவிட்டது. 1984-இலேயே தொடங்கிய தைவானில் குழந்தைகளின் ஈரல் புற்றுநோய் கண்கூடாகக் குறைந்தது. புதிய ஆபத்து ஹெப்பகோடிக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்திருக்கிறது. ஹைதராபாத் ஐ.டி. ஊழியர்கள் 345 பேரைப் பரிசோதித்து 2025-இல் வெளிவந்த ஆய்வு, 84 சதவீதத்தினரின் ஈரலில் கொழுப்பு கூடியிருந்தது என்றது. எலக்ட்ரானிக் சிட்டி மட்டும் வேறு மாதிரி இருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. இவர்களில் மிகச் சிலருக்கே ஈரல் சுருக்கம் வரை போகும். ஆனால் கொழுப்பு ஈரலில் சில சமயம் சுருக்கம் வருவதற்கு முன்பே புற்றுநோய் வருகிறது. பருமனான உடலில் அல்ட்ராசவுண்ட் சரியாகத் தெரிவதுமில்லை. கண்காணிப்புப் பட்டியலில் பெயரே இல்லாத ஆள், ஸ்கேனில் தெரியாத கட்டி. இரண்டும் ஒரே உடலில் சேரப்போகின்றன.

கட்டி சின்னதாகவே கிடைத்துவிட்டாலும், நோயாளி முதலில் யார் கையில் விழுகிறார் என்பது சிகிச்சையை முடிவுசெய்வதைப் பார்க்கிறோம். அறுவை நிபுணரிடம் போனவருக்கு அறுவை. புற்றுநோய் மருந்து நிபுணரிடம் போனவருக்கு மருந்து. ஊசி வழிச் சிகிச்சை செய்யும் ரேடியாலஜி நிபுணருக்குப் பொதுவாகச் சொந்த வெளிநோயாளிப் பிரிவு இருப்பதில்லை. மற்றவர்கள் அனுப்பினால்தான் அவருக்கு நோயாளி. எல்லாத் துறையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவரின் படத்தையும் பார்க்கும் கூட்டம் நடக்கும் மருத்துவமனையில் இந்தக் கோளாறு குறைவு. அப்படி ஒரு கூட்டத்தில் என் படத்தைப் பார்த்தார்களா என்று நோயாளியின் வீட்டார் கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. செலவைப் பொறுத்தவரை, ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக்கூடாத ஊசிதான் கனமான பங்கு. உள்நாட்டிலேயே தரமாக, மலிவாகச் செய்ய முடிந்தால் கணக்கே மாறும்.

சுட்ட பிறகு ஒரு மாதத்தில் முதல் சி.டி., அதற்கப்புறம் முதல் இரண்டு வருடமாவது மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை. தருமபுரி பக்கத்திலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி, இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம், தனியார் ஸ்கேன் பில். இரண்டு முறை வந்துவிட்டு மூன்றாம் முறை நின்றுபோகிறவர்களை மருத்துவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று திட்டுவது எளிது. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022-இல் ஒன்று வந்துவிட்டது. மருந்தேற்றிய பின் தமனி நிலை, போர்ட்டல் நிலை, தாமத நிலை என்று சரியான வினாடிக் கணக்கில் மூன்று தடவை படம் எடுக்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியனும், அந்தப் படங்களை ஓசூர் சாலை மருத்துவமனைக்கு அனுப்ப ஓர் ஏற்பாடும் இருந்தால், சந்தேக நிழல் தெரிந்தவர்கள் மட்டும் பெங்களூருக்குப் பஸ் ஏறினால் போதும். மாநில எல்லை அத்திப்பள்ளியில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்குப் பெரிய தடை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.